உயரே போனால் விமானம் வேகமாகப் போகுமா?

கேட்டிருப்பது இது: “மேலே காற்று லேசாக இருக்கும், எதிர்ப்பு குறைவு, அதனால்தான் விமானம் 35,000 அடியில் வேகமாகப் பறக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் 50,000, 60,000 அடிக்கு ஏறி இன்னும் வேகமாகப் போகலாமே? காற்று அவ்வளவு குறைந்த இடத்தில் இறக்கை எப்படித் தாங்குகிறது? இன்னும் கொஞ்சம் ஏறினால் இடிமேகத்தையும் தாண்டிவிடலாமே, ஏன் சுற்றிக்கொண்டு போகிறார்கள்?”

விமானம் கிளம்புவதற்கு முன் எந்தப் பாதையில், எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும் என்று திட்டம் போட்டுத் தருவது என் வேலை. டிஸ்பாட்ச் என்பார்கள். உயரமும் வேகமும் எடையும் மோதிக்கொள்ளும் இந்தக் கணக்கில்தான் என் பொழுது போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எடுத்த எடுப்பிலேயே ஒன்றைப் போட்டு உடைத்துவிடலாம். ஏ320, போயிங் 737 போன்ற பயணிகள் ஜெட் வழக்கமான பயணத்தில் தன் அதிகபட்ச வேகத்தை எட்டுவது 35,000 அடியில் இல்லை. சுமார் 29,000 அடியில்தான். அதற்கு மேலே ஏற ஏற வேகம் கொஞ்சம் குறையவே செய்கிறது. அப்படியும் மேலே போவது எரிபொருளுக்காக. வேகம் இதில் இரண்டாம்பட்சம்.

இது புரிய, விமானத்துக்கு வேகம் ஒன்றல்ல, பல என்பது முதலில் பிடிபட வேண்டும்.

விமானத்தின் மூக்கருகே முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பிட்டோ குழாய்கள். எதிர்ப்படும் காற்று எவ்வளவு அழுத்தத்தோடு குழாய்க்குள் மோதுகிறது என்பதை வைத்துத்தான் விமானியின் முன்னால் இருக்கும் வேகமானி காட்டுகிறது. அதாவது அது அளப்பது காற்றின் மோதலை. ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் என்பதை அது நேரடியாக அளப்பதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருவில் மெல்ல நடந்தாலே நிமிடத்துக்கு இருபது பேர்மேல் இடித்துக்கொள்வோம். ஒரு சாதாரணக் காலை வேளையில் அதே தெருவில் இருபது பேரை இடிக்க வேண்டுமென்றால் ஓட வேண்டும். பிட்டோ குழாய்க்குத் தெரிவது இடித்த ஆட்களின் கணக்கு மட்டும்தான். நாம் நடந்தோமா ஓடினோமா என்பது அதற்குத் தெரியாது.

இறக்கைக்கும் அதே கணக்குதான். தூக்குவிசை, காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கிக் கிடைப்பது. கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ எடை இருக்கும். 35,000 அடியில் அதே கன அளவில் 0.38 கிலோதான். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அதே எடையைத் தாங்க இறக்கை அங்கே கிட்டத்தட்ட 1.8 மடங்கு வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். “காற்று குறைந்த இடத்தில் எப்படித் தாங்குகிறது?” என்ற கேள்விக்கு இதுதான் பதில். குறைந்த காற்றை அதிக வேகத்தால் ஈடுகட்டுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 35,000 அடியில் ஒலிவேகத்தின் 0.78 பங்கில், அதாவது மாக் 0.78இல், ஒரு ஏ320 போகிறது. நிலையான வளிமண்டலக் கணக்குப்படி, அதாவது உலகம் முழுவதும் பொதுவாக வைத்துக்கொண்ட சராசரிக் காற்றின் கணக்குப்படி, அதன் உண்மை வேகம் மணிக்கு 833 கி.மீ. அதே நேரத்தில் வேகமானி காட்டுவது சுமார் 264 நாட், அதாவது மணிக்கு 490 கி.மீ. இறக்கையைக் கேட்டால் “நான் 490இல்தான் போகிறேன்” என்றுதான் சொல்லும். விமானத்தின் உடல்மேல் விழும் காற்றுச் சுமையும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

இனி, சென்னையில் கிளம்பி மேலேறும் விமானத்தோடு கூடவே போவோம். 10,000 அடி வரை வேகமானியில் 250 நாட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. அதைத் தாண்டியதும் விமானி 300 நாட்டுக்கு வேகத்தைக் கூட்டி, முள்ளை அங்கேயே நிறுத்திவைத்து ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முள் அசையவில்லை, ஆனால் உண்மை வேகம் ஏறிக்கொண்டே போகும். கடல் மட்டத்தில் 300 நாட் என்பது மணிக்கு 556 கி.மீ. அதே முள், 10,000 அடியில் 640. 20,000 அடியில் 740. 29,000 அடியில் 850ஐத் தாண்டிவிடும். விமானி எஞ்சினைக் கூடுதலாக முறுக்கிக் கிடைத்த வேகமல்ல இது. உயரமே கொடுத்த கூலி. “மேலே போனால் வேகம் கூடும்” என்ற பேச்சு பிறந்தது இங்கேதான், இதுவரைக்கும் அது சரியும்கூட.

இங்கே ஒரு சுவர் குறுக்கிடுகிறது. ஒலிவேகம்.

காற்றில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை முடிவு செய்வது வெப்பநிலை. அடர்த்திக்கும் அழுத்தத்துக்கும் அதில் தனிப் பங்கு கிடையாது. கடல் மட்டத்தில் மணிக்கு 1,225 கி.மீ. வேகத்தில் போகும் ஒலி, மைனஸ் 54 டிகிரி குளிரடிக்கும் 35,000 அடியில் 1,067க்கு இறங்கிவிடுகிறது. விமானத்தின் உண்மை வேகம் மேலே ஏற, ஒலிவேகம் கீழே இறங்க, இரண்டும் நெருங்கி வருகின்றன. இறக்கையின் மேல்வளைவில் ஓடும் காற்று விமானத்தைவிட வேகமாக ஓடுவது. அதனால் விமானம் ஒலிவேகத்தைத் தொடும் முன்பே இறக்கைமேல் சில இடங்களில் காற்று ஒலிவேகத்தைத் தாண்டிவிடும். அங்கே அதிர்ச்சி அலை உருவாகும், காற்று இறக்கையைவிட்டுப் பிரியும், விமானம் அதிரும், இழுவை, அதாவது காற்றின் எதிர்ப்பு, சட்டென்று எகிறும். ஏ320க்கு எல்லை மாக் 0.82.

அதனால் சுமார் 29,000 அடியில் விமானி 300 நாட் முள்ளை விட்டுவிட்டு மாக் 0.78ஐப் பிடித்துக்கொள்வார். இந்த மாற்றத்தை ஆட்டோபைலட்டே செய்துவிடும், பயணிக்கு ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் உண்மை வேகம் 854. அதற்கு மேலே மாக் அதேதான், ஒலிவேகம் இறங்குகிறது, கூடவே விமானத்தின் வேகமும் இறங்குகிறது: 35,000 அடியில் 833, 39,000 அடியில் 829. சுமார் 36,000 அடிக்கு மேலே நிலையான வளிமண்டலத்தில் வெப்பநிலை மைனஸ் 56.5 டிகிரியிலேயே நின்றுவிடுவதால், அதற்குப் பிறகு வேகம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் பக்கத்து வானம் மேலேயும் கொஞ்சம் சூடானது. தென்னிந்தியாவுக்கு மேலே 35,000 அடியில் நிலையான கணக்கைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்பதால், அதே மாக் 0.78க்கு நமக்கு மணிக்கு 20 கி.மீ. கூடுதலாகக் கிடைக்கிறது. சும்மா கிடைப்பதில்லை. சூடான காற்றில் எஞ்சினின் உந்துவிசை குறையும், ஏறக்கூடிய உச்ச உயரமும் குறையும்.

சரி, வேகம் குறைகிறது என்றால் 29,000 அடியோடு ஏன் நிற்பதில்லை?

ஜெட் எஞ்சின் எரிபொருள் குடிப்பது, தோராயமாகச் சொன்னால், எவ்வளவு உந்துகிறது, எவ்வளவு நேரம் உந்துகிறது என்பதைப் பொறுத்தது. விமானத்தின் இழுவையோ வேகமானி காட்டும் வேகத்தைப் பொறுத்தது. முள்ளில் 490 என்றால் கடலை ஒட்டிப் பறந்தாலும் 35,000 அடியில் பறந்தாலும் இழுவை ஏறக்குறைய ஒன்றே. ஆக, எஞ்சின் கொடுக்க வேண்டிய உந்துவிசையும் ஒன்றே, மணிக்குச் செலவாகும் எரிபொருளும் பெரிதாக மாறாது. ஆனால் கீழே அந்த ஒரு மணி நேரத்தில் கடப்பது 490 கி.மீ., மேலே 833 கி.மீ. சென்னையிலிருந்து டெல்லிக்கு வான்வழித் தொலைவு சுமார் 1,760 கி.மீ. கீழேயே பறந்தால் மூன்றரை மணி நேரத்துக்குமேல் எஞ்சின் குடித்துக்கொண்டிருக்கும். மேலே என்றால் இரண்டே கால் மணி நேரம்கூட ஆகாது. உயரத்தின் லாபம் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

“கீழேயே 833இல் பறந்தால் என்ன?” என்று கேட்கலாம். பறக்க முடியாது. அந்த வேகத்தில் கடல் மட்டத்துக் காற்று மோதும் அழுத்தம் மூன்று மடங்குக்கும் அதிகம். ஏ320க்கு வேகமானியில் அனுமதிக்கப்பட்ட உச்சமே 350 நாட், மணிக்கு 648 கி.மீ. அதைத் தாண்டுவது விமானத்தின் உடல் தாங்குவதற்குச் சோதிக்கப்பட்ட அளவைத் தாண்டுவது.

இன்னொரு லாபமும் உண்டு. ஜெட் எஞ்சின் தன் முழுச் சுழற்சிக்கு அருகில் ஓடும்போதுதான் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும். கீழே அடர்ந்த காற்றில் அதற்குத் தெம்பு மிதமிஞ்சி இருக்கும், அடக்கி ஓட்ட வேண்டியிருக்கும். கிளம்பும்போது கொடுத்த உந்துவிசையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் 35,000 அடியில் மிஞ்சும், ஆனால் தேவைப்படுவதும் அவ்வளவுதான். அளவு எடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்திவிடுகிறது. உள்ளே போகும் காற்று குளிர்ந்திருப்பதும் எஞ்சினுக்கு நல்லது. உகந்த உயரத்தைவிட 4,000 அடி தாழ்வாகப் பறக்க நேர்ந்தால் எரிபொருள் ஏறத்தாழ நான்கைந்து சதவீதம் கூடும். ஒரு பயணத்துக்கு அது சின்னத் தொகை. நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான விமானங்களை ஓட்டும் நிறுவனத்துக்கு அதுதான் லாபமும் நட்டமும்.

அப்படியானால் ஏறிக்கொண்டே போகலாமே என்ற உங்கள் கேள்வி இப்போது இன்னும் கூர்மையாகிறது. பதில், மேலே போகப்போக நிற்பதற்கு இடம் சுருங்குகிறது என்பதுதான்.

வேகமானியின் முள்ளுக்கு இரண்டு எல்லைகள். மேல் எல்லையைத் தாண்டினால் அதிர்ச்சி அலை. கீழ் எல்லைக்குக் கீழே போனால் ஸ்டால், அதாவது மூக்கை எவ்வளவு தூக்கினாலும் இறக்கை எடையைத் தாங்காமல் கைவிடும் நிலை. 20,000 அடியில் மேல் எல்லை மணிக்கு 648 கி.மீ. 35,000 அடியில் மாக் 0.82 என்பது முள்ளில் 518தான். 41,000 அடியில் 450. கீழ் எல்லையோ இறங்குவதில்லை. எடை மிகுந்த விமானத்துக்கு அது 400ஐ நெருங்கி நிற்கும். கூரை தாழ்ந்துகொண்டே வர, தரை அங்கேயே இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தை விமானிகள் சவப்பெட்டி மூலை என்பார்கள். வரைபடத்தில் அந்தக் கோடுகள் கூடும் முனைக்கு வைத்த பெயர், பொருத்தமாகவே வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் அந்த மூலையிலேயே குடியிருந்தது. சுமார் 70,000 அடியில் அதன் இரு எல்லைகளுக்கும் நடுவே பத்து நாட் அளவு இடைவெளிதான். திரும்பும்போது உள்பக்க இறக்கை மெதுவாகவும் வெளிப்பக்க இறக்கை வேகமாகவும் போகும் அல்லவா? ஒன்று ஸ்டாலை நெருங்க, மற்றது ஒலிவேகத்தின் அதிர்வை நெருங்கும்.

பயணிகள் விமானத்தை அந்த முனைக்கு விடுவதில்லை. தற்செயலாகக் காற்று தூக்கியடித்தாலும், சாய்ந்து திரும்ப நேர்ந்தாலும் தாங்கும்படி, எடையைப்போல் 1.3 மடங்கு சுமைக்கு இடம் வைத்துத்தான் உச்ச உயரம் கணக்கிடப்படுகிறது. அன்றைய எடைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ற உச்சத்தை விமானத்தின் கணினியே திரையில் காட்டும். விளம்பரத்தில் 39,000 அடி, 41,000 அடி என்று போட்டிருப்பது விமானம் எந்த நிலையிலும் தாண்டக் கூடாத எல்லை. எல்லா நாளும் அங்கே போக முடியும் என்று அதற்கு அர்த்தமில்லை.

அர்த்தம் அதுதான் என்று எடுத்துக்கொண்டதால் நடந்த விபத்து ஒன்று உண்டு. 2004 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவில், பின்னக்கிள் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 50 இருக்கை ஜெட் ஒன்று பயணிகள் இல்லாமல், இரண்டு விமானிகளோடு மட்டும், லிட்டில் ராக்கிலிருந்து மினியாபோலிஸுக்குக் கிளம்பியது. அந்த ரக விமானத்தின் உச்ச உயரம் 41,000 அடி. அந்த உயரத்தைத் தொட்டவர்களுக்கென்று விமானிகளிடையே ஒரு விளையாட்டுப் பெருமை வழக்கத்தில் இருந்தது. ஆள் இல்லை, விமானம் லேசாக இருக்கிறது, ஏறிப் பார்ப்போம் என்று ஏறினார்கள். ஏறும்போது வேகத்தைப் பிடித்து வைக்காமல் ஏறும் வீதத்தைப் பிடித்து வைக்கும்படி ஆட்டோபைலட்டை வைத்ததுதான் வினை. எஞ்சினில் தெம்பு குறையக் குறைய, ஏறும் வீதத்தைக் காப்பாற்ற ஆட்டோபைலட் வேகத்தைத் தின்றுகொண்டே வந்தது. 41,000 அடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அங்கே நிலைத்திருக்கத் தேவையான வேகம் கையில் இல்லை. விமானம் ஸ்டால் ஆனது, காற்றோட்டம் குலைந்து இரண்டு எஞ்சின்களும் அணைந்தன, மறுபடி மூட்ட முடியவில்லை. ஜெஃபர்சன் சிட்டி அருகே விழுந்து இருவரும் இறந்தார்கள். விமானத்தில் கோளாறு எதுவும் இல்லாமல் தொடங்கிய பயணம் அது.

ஏர் பிரான்ஸ் 447 (2009 ஜூன் 1) கதையிலும் உயரத்துக்குப் பங்கு உண்டு. 35,000 அடியில் பிட்டோ குழாய்களில் பனி அடைத்து, வேகமானி குழம்பி, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. மெல்லிய காற்றில் விமானத்தின் ஆட்டத்தைத் தணிக்கும் தன்மை குறைவு, கைப்பிடியைக் கொஞ்சம் இழுத்தாலும் நிறைய எதிர்வினை வரும். மூக்கைத் தூக்கியதில் விமானம் 38,000 அடிக்கு எகிறி, வேகம் இழந்து, ஸ்டாலிலேயே கடல்வரை வந்தது. 228 பேர் இறந்தார்கள்.

எடைக்கும் உயரத்துக்கும் உள்ள உறவைப் பார்க்க நீண்ட பயணங்கள் நல்ல இடம். கிளம்பும்போது எரிபொருள் நிறைந்து கனத்திருக்கும் விமானத்துக்கு 33,000 அடி உகந்ததாக இருக்கலாம். எரிபொருள் கரையக் கரைய எடை குறைந்து, உகந்த உயரம் மேலே நகரும். அதனால் படிப்படியாக ஏறிக்கொண்டே போவார்கள், முடியும் நேரத்தில் 39,000, 41,000 அடியில் இருப்பார்கள். எண்ணிய உயரம் எப்போதும் கிடைக்காது என்பது வேறு. 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரை ஆயிரம் அடிக்கு ஒரு தளம், கிழக்குப் பக்கம் போகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், மேற்குப் பக்கம் போகிறவர்களுக்கு இரட்டைப்படை என்பது பொது ஏற்பாடு. சென்னையிலிருந்து டெல்லி நேர் வடக்கு இல்லை, சற்று மேற்கே சாய்ந்தது. எனவே போகும்போது 34,000, 36,000 என்றும், திரும்பும்போது 35,000, 37,000 என்றும் கேட்போம். சென்னை – பெங்களூரு மாதிரிக் குட்டிப் பயணத்தில் இந்தப் பேச்சே எழாது. 36,000 அடியிலிருந்து இறங்கவே 200 கி.மீ. தூரம் வேண்டும். மொத்தத் தூரமே சுமார் 270 கி.மீ. என்னும்போது ஏறுவது எங்கே, இறங்குவது எங்கே?

இதுவரை நடுவானத்தைப் பேசினோம். எனக்குத் தலைவலி கொடுப்பது பெரும்பாலும் ஓடுபாதை. உயரத்துக்கு அங்கே வேறு முகம்.

இறக்கைக்குத் தெரிவது அடர்த்தி மட்டும்தான். உயரம் கூடினாலும் அடர்த்தி குறையும், வெயில் கூடினாலும் குறையும். அதனால் வெயிலையும் உயரமாகவே மாற்றிக் கணக்கிடுவோம். நிலையான அளவைவிட ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் ஏறக்குறைய 120 அடி. மே மாத நண்பகலில் மீனம்பாக்கத்தில் 40 டிகிரி என்றால், கடலோரம் இருக்கும் அந்த ஓடுபாதை விமானத்தைப் பொறுத்தவரை 3,000 அடி மலைமேல் இருக்கிறது. உண்மையிலேயே 3,000 அடி உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் 35 டிகிரி வெயில் என்றால், விமானத்துக்கு அது 6,000 அடி. ஓட வேண்டிய தூரம் கூடும், எஞ்சின் தெம்பு குறையும், கிளம்பிய பின் ஏறும் வீதமும் குறையும். கோடை மதியத்தில் சரக்கைக் குறைக்கச் சொல்லி நாங்கள் அடம்பிடிப்பது இதனால்தான்.

லடாக்கின் லே விமான நிலையத்தைப் பாருங்கள். தரையே 10,682 அடி உயரம். கோடையில் 20 டிகிரி வெயிலடித்தால் விமானத்துக்கு அது 13,800 அடி. காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 65 சதவீதம். சென்னையில் இறங்கும்போது விமானி வேகமானியில் மணிக்கு 250 கி.மீ. பிடித்து வருகிறார் என்றால், லேவிலும் அதே 250தான் பிடிப்பார், இறக்கைக்கு வேண்டியது அதுதான். ஆனால் சக்கரம் தரையைத் தொடும்போது உண்மை வேகம் 310. வேகம் கால் பங்கு கூடினாலும், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு. மலைகளுக்கு நடுவே திரும்பும் வட்டமும் அதே அளவில் பெரிதாகும், பள்ளத்தாக்கோ அகலமாகாது. டயர்களுக்கும் வேக வரம்பு உண்டு. பல ஜெட்களுக்கு அது 195 நாட், அதாவது மணிக்கு 360 கி.மீ. லேவிலிருந்து கிளம்பும்போது அந்த வரம்பு சங்கடமான அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். எனவேதான் லே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடுகின்றன. வெயில் ஏறினால் தெம்பு போகும், பள்ளத்தாக்கில் காற்றும் கிளம்பிவிடும். திரும்பும் விமானத்தில் இருக்கைகளைக் காலியாக விடுவதும் பெட்டிகளைப் பின்னால் அனுப்புவதும் அங்கே வழக்கம். பயணிகள் கோபப்படுவார்கள். காரணத்தைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

அதே லடாக்கில், 16,614 அடி உயரத்தில் இருக்கும் தௌலத் பெக் ஓல்டி ஓடுபாதையில் 2013 ஆகஸ்ட் 20 அன்று இந்திய விமானப் படை சி-130ஜே சரக்கு விமானத்தை இறக்கியது. வேகம் குறைத்து இறங்கவே வடிவமைக்கப்பட்ட இறக்கையும், விசிறி எஞ்சின்களும் இருப்பதால் அது முடிந்தது. விசிறி விமானம் என்றதும் சொல்லிவிடுகிறேன்: சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் போகும் ஏடிஆர் 72 இதே விதிகளுக்குள்தான் வேறு மாதிரி வாழ்கிறது. அதன் உச்ச உயரம் 25,000 அடி, வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு. குறைந்த தூரத்தில் ஜெட்டைவிடச் சிக்கனம். மறுகோடியில் அமெரிக்காவின் எஸ்ஆர்-71 உளவு விமானம். ஒலியைத் தாண்டவென்றே செய்த உடம்பு என்பதால் ஒலிவேகச் சுவர் அதற்கு எல்லை ஆகவில்லை. 80,000 அடியில் ஒலியைப்போல் 3.2 மடங்கில், மணிக்கு 3,400 கி.மீ.க்கு மேல் பறந்தது. அப்போதும் அதன் இறக்கை உணர்ந்த காற்றழுத்தம், கடல் மட்டத்தில் மணிக்கு 650 கி.மீ. போகும் விமானம் உணர்வதுதான்.

உங்கள் இருக்கைக்கு முன்னாலிருக்கும் திரையில் தெரியும் வேகம் மேலே சொன்ன எதுவும் இல்லை. அது தரைவேகம், அதாவது உண்மை வேகத்தோடு காற்றோட்டத்தைக் கூட்டியோ கழித்தோ வருவது. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. “ஒலியை மிஞ்சியது” என்று செய்தி போட்டார்கள். மிஞ்சவில்லை. புயலோடு சேர்ந்து பாய்ந்த ஜெட் காற்றோட்டத்துக்குள், அதாவது உயரத்தில் ஆறுபோல் வேகமாக ஓடும் காற்றுக்குள், வழக்கமான மாக் எண்ணில்தான் பறந்தது. அந்த ஆறு மொத்தமாக நகர்ந்ததால் விமானமும் கூடவே நகர்ந்தது.

இந்த ஆறுகளும் உயரத்தைப் பொறுத்தவை. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே சுமார் 12 கி.மீ. உயரத்தில், சரியாக நாம் பறக்கும் இடத்தில், மேற்கிலிருந்து ஒரு ஜெட் காற்றோட்டம் ஓடும். டெல்லியிலிருந்து கொல்கத்தா போகிறவருக்கு வரம், திரும்புகிறவருக்குச் சாபம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து ஓடும் ஜெட் காற்றோட்டம் வேறு. 1950களில் அதை முதலில் விவரித்தவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம். அதன் மையம் 14 முதல் 16 கி.மீ. உயரத்தில், கிட்டத்தட்ட சென்னையின் அட்சரேகையில். நம் விமானங்கள் அதன் அடிவயிற்றை உரசிக்கொண்டுதான் போகின்றன. அதுவே ஜூலையில் சென்னையிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவருக்குக் கைகொடுக்கும். எதிர்த்து வரும்போது 4,000 அடி தாழ்வாகத் திட்டம் போடுவதும் உண்டு. காற்று மெல்லியதாக இருப்பதன் லாபத்தைவிட எதிர்க்காற்றின் நட்டம் பெரிதாக இருந்தால், தாழ்வதே சிக்கனம்.

கடைசியாக இடிமேகம். ஐரோப்பாவில் இருந்தால் உங்கள் யோசனை பல நாட்கள் பலிக்கும். மேகம் வளர்ந்து போய் முட்டும் கூரை அங்கே 10, 11 கி.மீ. உயரத்திலேயே இருப்பதால், 39,000 அடியில் போகிறவர் பல மேகங்களைக் கீழே விட்டுவிடலாம். நமக்கு அந்தக் கூரை 16, 17 கி.மீ. உயரத்தில். சித்திரை மாதத்து மாலையிலோ ஐப்பசியிலோ எழும் நம் இடிமேகம் 50,000 அடியைத் தாண்டி நிற்கும். அதன் தலைக்கு மேலேயும் காற்று கொந்தளிக்கும் என்பதால் இன்னும் சில ஆயிரம் அடி இடைவெளி விட வேண்டும். இன்று சேவையில் இருக்கும் எந்தப் பயணிகள் ஜெட்டாலும் அங்கே ஏற முடியாது. 60,000 அடி வரை போன, ஒலியை மிஞ்சிப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட் 2003இல் நின்றுவிட்டது. தவிர, உச்ச உயரத்துக்கு அருகே, இரண்டு எல்லைகளும் நெருங்கி நிற்கும் இடத்தில் கொந்தளிப்பைச் சந்திப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. வலுத்த இடிமேகத்துக்குப் பக்கவாட்டில் 20 நாட்டிகல் மைல், அதாவது 37 கி.மீ. ஒதுங்கிப் போவது என்பது விமானிகள் பின்பற்றும் அளவு. அப்படி ஒதுங்குவதற்கான எரிபொருளை வடகிழக்குப் பருவமழை நாட்களில் திட்டத்திலேயே கூடுதலாகப் போட்டு அனுப்புகிறோம்.